சட்டைப் பையில் ஒரு சாட்சி

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் நிமிர்ந்தால் காவல்துறையின் கேமரா தெரியும். 2012இல் பொருத்தத் தொடங்கியவை, 2021க்குள் 90,000ஐத் தாண்டின. இரவு வேலை முடிந்து தனியே திரும்பும் பெண்ணுக்கு அது ஒரு துணை. அதை அங்கே பெரிதாக எதிர்ப்பவர் குறைவு.

அந்த ஊரையே கலங்க வைத்தது, கண்ணுக்குத் தெரியாத வேறொன்று.

கிருமித்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. இருவர் பக்கத்தில் நின்றால் அவர்களின் கைபேசிகள் புளூடூத் வழியே குறியீடுகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒருவர் எங்கே போனார் என்பதை அல்ல, யாருக்கு அருகில் இருந்தார் என்பதையே அது குறித்துவைத்தது. பதிவு கைபேசியிலேயே 25 நாள் இருந்து அழிந்துவிடும். தொற்று உறுதியானால்தான் அதிகாரிகளிடம் போகும். செயலி வேண்டாதவர்களுக்குச் சட்டைப் பையில் அடங்கும் கருவி தந்தார்கள். தொடர்பின் தடம் அறிய மட்டுமே இது என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொன்னார். ஜனங்கள் நம்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டினர் சேர்ந்திருந்தார்கள்.

2021 ஜனவரி 4. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அந்தத் தகவலைக் காவல்துறை கேட்டுப் பெறலாம் என்று உள்துறை துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஒரு கொலை வழக்கில் அதைப் பயன்படுத்தியும் இருந்தார்கள். வாக்குறுதி தந்தபோது அந்தச் சட்டம் தன் நினைவில் இல்லை என்று மறுநாள் அதே மன்றத்தில் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார்.

அந்த ஒப்புதலை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் நோய்க்கென்று கொடுத்த தகவல் போலீஸ் கைக்குப் போனது சரியல்ல. வாங்கும்போது ஒரு காரணம், எடுத்துப் பயன்படுத்தும்போது இன்னொரு காரணம் என்றானால், அடுத்த தொற்று வரும்போது யார் நம்பித் தருவார்கள்? கண்காணிப்பின் ஆபத்து கேமராவின் எண்ணிக்கையைவிட இந்த இடமாற்றத்தில்தான் அதிகம்.

பிப்ரவரியிலேயே சட்டம் திருத்தப்பட்டது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், பாலியல் வல்லுறவு உள்ளிட்ட ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே போலீஸ் அதைத் தொடலாம் என்றானது. தவறாகப் பயன்படுத்தினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை என்று விதித்தார்கள். வாய்ச்சொல்லாக இருந்த வரம்பு அப்போதுதான் எழுத்துக்கு வந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டியது அது.

திட்டம் முடிவுக்கு வர, 2023 பிப்ரவரி, மார்ச்சில் மக்கள் சமூக மன்றங்களுக்குப் போய்க் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளை அடையாளம் காட்டும் தகவல்கள் அதற்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. முன்பு சொன்ன அந்த 2020 மே மாதக் கொலை வழக்கின் பதிவுகளை மட்டும் உள்துறை அமைச்சு காலவரம்பின்றி வைத்துக்கொண்டது.