எவரெஸ்ட் இல்லாத படங்கள்

பொங்கல் விழாவின்போது நம் சங்கக் கூடத்தின் சுவரில் மாட்டப்பெற்றிருந்த பதினான்கு புகைப்படங்களையும் அன்பர்கள் பலர் நின்று நிதானித்துப் பார்த்து மகிழ்ந்தனர். பார்த்தவருள் பெரும்பாலோர் ஒரே வினாவைத்தான் எழுப்பினர்: “சந்தக்பூ வரை சென்றீர்களே, எவரெஸ்ட் எங்கே?” விழாவின் சந்தடியில் விரிவாக விடை கூற இயலவில்லை. அவ்விடையையும், அதனோடு எங்கள் மலைப் பயணத்தையும் இவ்விதழின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

மேற்கு வங்காளத்தின் வடகோடியில், நேபாள எல்லையை ஒட்டிச் செல்வது சிங்காலிலா மலைத்தொடர். அதன் முகட்டில் 3,636 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது சந்தக்பூ. அம்மாநிலத்திலேயே மிக உயர்ந்த இடம் அதுவே. உலகின் முதல் ஐந்து சிகரங்களுள் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கினையும் அங்கே நின்ற இடத்திலிருந்தே காணலாம். கஞ்சன்ஜங்காவும் அதனைச் சூழ்ந்த சிகரங்களும் மல்லாந்து படுத்த ஒரு பேருருவம் போலத் தோன்றும். அவ்வூரார் அதனைத் ‘துயிலும் புத்தர்’ என்பர். எங்களுக்கோ திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளே நினைவுக்கு வந்தார்.

நாங்கள் மூவர். இருவர் ரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு காலங்கழிப்பவர்கள். மூன்றாமவர் பூகோள ஆசிரியர். புகைப்படக் கலையில் தீராத வேட்கையுடையவர். “பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுவரிலுள்ள படத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டிய எவரெஸ்டை, ஒரு முறையாவது என் கையால் படமெடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்” என்று அவர் அடிக்கடி கூறுவார். அதற்கென்றே பழைய காமிரா ஒன்றும், தொலைவிலுள்ளதை அருகே இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸ் ஒன்றும் இரண்டாங் கையாக வாங்கி வைத்திருந்தார். முக்காலியையும் சேர்த்தால் அவர் முதுகுப் பை எங்கள் பைகளைவிட இரு மடங்கு கனத்தது. பங்கிட்டுச் சுமப்போம் என்றாலும் அவர் இசையவில்லை.

முன்னோர் பட்ட பாட்டை நோக்கினால் அச்சுமை பெரிதன்று. 1860-களில் சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் இமயத்தைப் படமெடுக்கச் சென்றபோது, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது ஈரம் உலருமுன்னே படமெடுத்து, இருட்டுக் கூடாரத்திற்குள் கழுவியும் முடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவையும் 1866-இல் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயிலே செய்து காட்டினார் அவர். 1899-இல் இத்தாலியரான விட்டோரியோ செல்லா, ஃபிரெஷ்ஃபீல்டு என்பாரின் குழுவினரோடு கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்து எடுத்த படங்கள் இன்றும் வியந்து போற்றப்படுகின்றன. இவற்றையெல்லாம் தார்ஜிலிங் மெயிலில் இரவு நெடுநேரம் வரை ஆசிரியர் எங்களுக்கு எடுத்துரைத்தார்.

சென்ற நவம்பர் மாதத் தொடக்கம். மழைக்காலம் ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருக்கும் காலம் அது. நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, ஜீப்பில் மானேபஞ்சாங் என்னும் சிற்றூரை அடைந்தோம். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு மறுநாட் காலை நடக்கத் தொடங்கினோம். அவர் நேபாள மொழி பேசும் இளைஞர். எங்களைத் ‘தாஜு’ என்றே அழைப்பார். தமையனே என்பது அதன் பொருள். சித்ரே, மேக்மா என்னும் சிற்றூர்களைக் கடந்து, மாலையில் தும்லிங் சேர்ந்தோம். அது 2,970 மீட்டர் உயரம். இம்மலையில் எல்லைக்கோடு வளைந்து வளைந்து செல்கிறது. காலைத் தேநீரை இந்தியாவிலும் பகலுணவை நேபாளத்திலுமாக அருந்தலாம்.

அன்று வழியெல்லாம் ஆசிரியர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். மலையை மட்டும் படமெடுத்தால் அதன் பேருருவம் புலப்படாது. முன்னே ஒரு மரமோ, கொடியோ, மனிதரோ இருத்தல் வேண்டும் என்றார். நண்பகல் வெயிலில் மலை தட்டையாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியே மடிப்புகளையும் பள்ளங்களையும் எடுத்துக் காட்டும் என்றார். காமிராவிலுள்ள ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடும். அதனை அப்படியே நம்பினால் வெண்பனி அழுக்கு வேட்டி போலாகிவிடும். ஆகவே ஒளியை ஒரு படி கூட்டிவிட வேண்டும் என்றார். குளிரில் பாட்டரியின் ஆற்றல் விரைவில் குன்றுமாதலால், இரவில் அதனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே உறங்கினார்.

தவறு நேர்ந்தது மறுநாள்தான். காளிப்போக்ரி என்னும் கருநிறக் குளத்தருகே அன்றிரவு தங்கி, அடுத்த நாள் சந்தக்பூ ஏறுவதே முதலில் வகுத்த திட்டம். நண்பகலுக்குச் சற்றுப் பின் காளிப்போக்ரியை அடைந்தோம். வானில் மேகமே இல்லை. “இன்றே ஏறிவிட்டால் நாளை விடியற்காலை எவரெஸ்ட் நம் கையில், நாளை மறுநாள் வானம் எப்படியோ, யார் கண்டார்?” என்றார் ஆசிரியர். எங்களுக்கும் விடுப்பு நாட்களின் கணக்கு மனத்தில் ஓடியது. வழிகாட்டி மட்டும், “வேண்டாம், தாஜு. உடம்புக்கு மலை பழக ஓர் இரவு கொடுங்கள்” என்றார். நாங்கள் கேட்கவில்லை. மூன்று நாட்களுக்கு முன்பு கடல் மட்டத்தில் உறங்கியவர்கள் நாங்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கடைசி ஆறு கிலோமீட்டர் ஏற்றம் எங்களை வாட்டியெடுத்தது. பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினோம். ஆசிரியர் வழக்கத்திற்கு மாறாகப் பேசாமல் வந்தார். சுமையின் களைப்பென்று கருதினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நாங்கள் ஏறிக்கொண்டிருந்த வேளையில் மேகமும் ஏறி வந்து அனைத்தையும் மூடிவிட்டது. ஒரு சிகரமும் தென்படவில்லை. ஆசிரியர் உணவு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணியிருக்கும். அவர் வாந்தியெடுக்கும் ஓசை கேட்டு விழித்தோம். காளிப்போக்ரியிலேயே தலைவலி தொடங்கிவிட்டதாம். சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று மறைத்திருக்கிறார். வழிகாட்டி விளக்கைக் கொணர்ந்து, தரைப்பலகையின் நேர்க்கோட்டைக் காட்டி, குதிகாலோடு விரல் ஒட்ட அதன்மேல் நடக்கச் சொன்னார். ஆசிரியர் நான்காம் அடியில் தள்ளாடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். வழிகாட்டியின் முகம் மாறியது. “இனி இங்கே இருத்தல் கூடாது, உடனே இறங்க வேண்டும்” என்றார்.

வெளியே சென்று பார்த்தோம். மேகம் அகன்றுவிட்டிருந்தது, வானம் முழுவதும் விண்மீன்கள். வடமேற்கே வெண்மையாய் ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. இன்னும் மூன்றரை மணி நேரத்தில் சூரியன் வந்துவிடுவான். அவனுடைய கால அட்டவணை தவறுவதில்லை. “என்னை இவரோடு கீழே அனுப்பிவிட்டு நீங்கள் இருவரும் இருந்து படமெடுத்து வாருங்கள். காமிராவை வைத்துவிட்டே போகிறேன்” என்றார் ஆசிரியர், பேசவும் இயலாத நிலையில். உண்மையை ஒளிப்பானேன்? ஒரு கணம் எங்களுக்கும் அவ்வெண்ணம் எழத்தான் செய்தது. ஆனால் அவர் தம் காலணியின் கயிற்றை முடியத் தெரியாமல் விரல்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்ததைக் கண்டோம். அதன் பின்னர் எங்களுக்குள் பேச்சில்லை. பைகளைக் கட்டினோம்.

வேறு பயணிகளோடு வந்து தங்கியிருந்த ஜீப் ஓட்டுநர் ஒருவரை எழுப்பினோம். அவர் மறுசொல் கூறாது வண்டியை எடுத்தார். கற்கள் துருத்திய செங்குத்துப் பாதையில், இருளில், ஆசிரியரை நடுவில் அணைத்தபடி இறங்கினோம். வானம் வெளுத்தபோது மலை மடிப்பொன்றின் அடியில் சென்றுகொண்டிருந்தோம். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அங்கே தெரிந்திருப்பவை மூங்கிற் புதர்களே.

கைரிபாஸ் 2,620 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் இறங்கியதே மருந்தாயிற்று. காலை எட்டு மணிக்கெல்லாம் ஆசிரியர் தேநீர் கேட்டார். நண்பகலில் கஞ்சி குடித்தார். மாலையில் நேர்க்கோட்டில் தடுமாறாமல் நடந்து காட்டினார். அப்போதுதான் வழிகாட்டி சிரித்தார். அன்றிரவு அங்கேயே தங்கினோம். ஆசிரியரின் உடம்பு முற்றிலும் தேறிய பின்பு, மறுநாள் ஜீப்பிலேயே அவரைத் தும்லிங்குக்கு அழைத்துச் சென்றோம்.

அடுத்த நாள் விடியலில், தங்கும் விடுதிக்கு வெளியே கம்பளத்தைப் போர்த்தி அவரை உட்கார வைத்தோம். காமிரா எங்கள் கையில். வடக்கே கஞ்சன்ஜங்காவின் உச்சியில் முதலில் குங்குமம் இட்டாற்போல் ஒரு புள்ளி. அது பரவிச் செம்மையாகி, பொன்னாகி, வெண்மையாயிற்று. 1852-இல் எவரெஸ்டின் உயரம் கணக்கிடப்படும் வரை உலகின் தலைச் சிகரமாகக் கருதப்பட்டது இதுவே. 1955-இல் முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்களின் பக்தியை மதித்து, உச்சிக்குச் சில அடிகள் முன்னரே நின்று திரும்பிய சிகரமும் இதுவே. நாங்கள் முதலில் எடுத்த படங்கள் சாம்பல் பூத்திருந்தன. “ஒரு படி கூட்டுங்கள்” என்று கம்பளத்திற்குள்ளிருந்து குரல் வந்தது. கூட்டினோம். கூடத்தின் வாயிலருகே மாட்டியிருந்த பெரிய படம் அவ்வாறு எடுத்ததே. அதில் முதுகு காட்டி அமர்ந்திருப்பவர் எவர் என்று பலர் கேட்டனர், இப்போது அறிந்திருப்பீர்கள்.

நம் குடும்பங்களுள் இவ்வழி செல்ல விரும்புவோர் பலர் இருப்பர். அவர்கட்குச் சில சொல்வோம். 3,600 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆதலின் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துக. தலைவலியோ குமட்டலோ தோன்றினால் மறைக்காது உடன் வருவோரிடம் கூறுக. அந்நிலையில் மேலே ஏறற்க. நடை தள்ளாடினாலும், அறிவு மயங்கினாலும், சும்மா இருக்கையிலேயே மூச்சுத் திணறினாலும், நள்ளிரவேயாயினும் கீழே இறங்குக. தண்ணீர் அருந்துவதில் சோம்பல் கூடாது. மதுவை அறவே விலக்குக. மருந்து வேண்டுமாயின் புறப்படுமுன்னே மருத்துவரைக் கலந்துகொள்க. காமிராவுக்கும் ஒரு சொல்: குளிரிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவருமுன் அதனைப் பையிலிட்டு மூடிவிடுக, இல்லையேல் லென்ஸில் நீர் படரும். யாவற்றுக்கும் மேலாக, விடுப்பில் ஒரு நாளை மிகுதியாக வைத்துக்கொள்க. எங்களிடம் அந்த ஒரு நாள் இருந்தது. அதனைக் காளிப்போக்ரியில் செலவிட மனமின்றிக் கைரிபாஸில் செலவிட்டோம்.

திரும்பும் வழியில் கூம் நிலையத்தைக் கண்டோம். 2,258 மீட்டரில் உள்ள அந்நிலையத்திற்கு, 1881-இல் தொடங்கிய சிறிய ரயில் வளைந்து வளைந்து, சில இடங்களில் பின்னோக்கியும் சென்று, மெல்ல ஏறி வருகிறது. அதனைப் பார்த்து ஆசிரியர், “இதற்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே!” என்றார். நாங்கள் மூவரும் வாய்விட்டு நகைத்தோம்.

அடுத்த கார்த்திகையில் மீண்டும் செல்வதாக இருக்கிறோம். காளிப்போக்ரியில் இரண்டு இரவுகள் தங்குவதென்று இப்போதே முடிவாகியுள்ளது. முக்காலியைச் சுமக்கும் பொறுப்பு எங்களுடையது. பள்ளியில் ஆசிரியர் இன்னும் பிரம்பால்தான் எவரெஸ்டைக் காட்டி வருகிறார்.