கடைசித் துண்டு



இந்த வாரத் தியானத்திற்கு லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் 9, 10 வசனங்களை வாசித்துக்கொள்ளுங்கள். நான் இப்பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் அது எனக்கு விளங்கியது குருமனையின் சமையலறையில்தான்.

சென்ற ஆண்டு என் மனைவிக்கு வலது தோள்பட்டை இறுகிப்போயிற்று. கையை உயர்த்தவும் முடியவில்லை, முதுகுப்புறம் கொண்டுபோகவும் முடியவில்லை. சில மாதங்களுக்காவது தேங்காய் துருவக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மணப்பாட்டுக் கடற்கரையில் தேங்காய் துருவாத வீடு ஏது? மீன்குழம்புக்கு அரைக்க வேண்டும்; துவையலுக்கும் அவியலுக்கும் வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அரிவாள்மனையின் முன் அமர்ந்து, தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பித் துருவியவர் அவரே. அந்தப் பணி இப்பொழுது என்னிடம் வந்தது.

எனக்குத் தரையில் அமர்ந்து துருவப் பழக்கமில்லை. ஆகையால் திருச்செந்தூரில் ஒரு பாத்திரக் கடைக்குச் சென்று, நான்கு பக்கமும் பற்களுள்ள துருவி ஒன்றைக் கேட்டேன். இரண்டைக் காட்டினார்கள். ஒன்று விலை குறைவு. மேலிருந்து அழுத்தியதும் அதன் தகடு நெளிந்தது. மற்றது கனமானது, அகன்ற அடிப்பகுதி, அதைச் சுற்றி வழுக்காத ரப்பர், உள்ளங்கைக்கு அடங்கும் பிடி. உப்புக்காற்று வீசும் நம் ஊரில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், நல்ல எவர்சில்வர்தானா என்றும் கேட்டு அதையே வாங்கினேன். பெரிய துளைகளுள்ள பக்கம் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும்; சிறிய துளைகளுள்ள பக்கம் தேங்காய்க்கு; முட்களைப் போன்ற பக்கம் இஞ்சிக்கும் ஜாதிக்காய்க்கும்; நீண்ட பிளவுள்ள பக்கம் வெள்ளரியை வில்லைகளாகச் சீவுவதற்கு.

மூடியோடு இதில் துருவ இயலாது. தேங்காய் மூடியைச் சற்றே அனலில் காட்டி, சிரட்டையிலிருந்து பருப்பை நெம்பி எடுத்து, பழுப்புத் தோலைச் சீவிவிட்டுத் துருவ வேண்டும். முதல் நாள் வேலை நன்றாகவே நடந்தது. வெண்மையான துருவல் குவிவதைக் கண்டு எனக்குள் சிறு பெருமையும் உண்டாயிற்று. முடிவில் விரல்நுனி அளவு துண்டு ஒன்று மீந்தது. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணி அழுத்தித் தேய்த்தேன். துண்டு வழுக்கியது, விரல் மூட்டின் தோல் உரிந்தது. துருவல் முழுவதிலும் இரத்தம் சிந்தியதால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு சிறு துண்டை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு முழு மூடி வீணாயிற்று.

என் மனைவி இடக்கையால் மஞ்சள்தூளை வைத்துக் கட்டிக்கொண்டே, “கடைசித் துண்டைத் துருவக் கூடாது. அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்” என்றார்.

அவர் வேறொன்றையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் தைத்தது. தோள் வலிக்கிறது என்று அவர் முதன்முதலில் சொன்னது அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம். “பண்டிகை முடியட்டும், மருத்துவரிடம் போகலாம்” என்றேன். பின்பு சபை நாள் அசனம் வந்தது. பின்பு கிறிஸ்துமஸ் வந்தது. இரவு பத்து மணிக்கு விருந்தினரை அழைத்துவந்து, “இன்னும் இரண்டு பேருக்கு மட்டும்” என்றவனும் நான்தான். அவருடைய பெலத்தில் மீந்திருந்த கடைசித் துண்டையும் ஊழியத்தின் பெயரால் தேய்த்தெடுத்திருக்கிறேன். வலித்தது அவருக்கு. அவர் பெலன் குறைவதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை.

வயலின் ஓரங்களை முற்றும் அறுக்க வேண்டாம், சிந்தினதைப் பொறுக்க வேண்டாம், அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை என்று கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டார். அந்த ஓரத்தில்தான் மோவாபியப் பெண்ணாகிய ரூத்துக்கு அப்பம் கிடைத்தது. இது ஏழைகளுக்கான ஏற்பாடு என்றே நான் போதித்துவந்தேன், அது மெய்தான். ஆனால் அதே கட்டளை அறுக்கிறவனுடைய கைக்கும் எல்லை குறிக்கிறது. உன்னுடையதாகவே இருந்தாலும் கடைசிவரை எடுக்காதே என்கிறது.

இதை நம் கடற்கரை அறியும். குருத்தோலையில் பெட்டி முடைகிற நம் பெண்களைக் கேளுங்கள். பனையின் உச்சிக்குருத்தை அழித்துவிட்டால் மரமே பட்டுப்போகும் என்பார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பதும் கடலில் மீன் பெருகுவதற்காகவே. மரத்துக்கும் மீனுக்கும் நாம் தருகிற ஓய்வை வீட்டிலுள்ளவர்களுக்குத் தர மறந்துவிடுகிறோம். சாப்பிடவும் நேரமின்றி உழைத்த சீஷரை ஆண்டவர் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாற அழைத்தார் என்று மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் செய்துகொண்டிருந்ததும் ஊழியமே.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் கடைசிவரை தேய்கிறவர் யார்? தாயா, மனைவியா, மருமகளா? உங்கள் படகிலோ கடையிலோ கூலிக்கு வேலை செய்கிறவரா? வலிக்கிறது என்று அவர் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கக் கூடும். இந்த வாரத்தில் அவரிடம் கேளுங்கள். பண்டிகை முடியட்டும் என்று சொல்லாதிருங்கள்.

அன்றிரவு நான் மன்னிப்புக் கேட்டேன். “நாளைக்கும் நீங்களே துருவுங்கள்” என்பதே அவர் பதில். இன்றும் நானே துருவுகிறேன். அவருடைய தோள் இன்னும் முழுமையாகக் குணமாகவில்லை. தேங்காயின் கடைசித் துண்டு மட்டும் நாள்தோறும் அவர் கையில் போய்ச் சேருகிறது.

ஜெபிப்போம்: அன்பின் ஆண்டவரே, நீர் எங்களிடத்தில் ஒப்புவித்தவர்களின் பெலனை நாங்கள் முற்றும் எடுத்துக்கொண்டதை மன்னியும். எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத்தாரும். களைத்தவர்களை நீரே இளைப்பாறப்பண்ணும். ஆமென்.