ஊருக்கு ஒரு விலை

செவிலிமேட்டிலும் காஞ்சியின் மற்ற நெசவுத் தெருக்களிலும் தறிச் சாமான் என்றால் நாடா, பண்ணை, விழுது, ஜக்கார்டுப் பெட்டியின் ஊசி, கொக்கி என்று ஒரு நீண்ட ஜாபிதா உண்டு. உள்ளூரில் நேரில் விற்கும் இச்சாமான்களை ஆரணிக்கும் திருபுவனத்துக்கும் ஆந்திரத்தின் தர்மாவரத்துக்கும் அனுப்ப முற்படும் வியாபாரி, பார்சல் கட்டணத்தையும் கடன் தவணையையும் அவ்வூர் ஏஜெண்டின் கமிஷனையும் உத்தேசித்து, ஒரே சாமானுக்கு ஊருக்கு ஒரு விலை வைப்பாரானால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அவ்விலைகளை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் சிரமமான காரியம்.

நம் தேசத்தில் கடைதோறும் பரவிவிட்ட டேலி என்னும் கணக்கு மென்பொருளே, ஆலைகளுக்கு இயந்திர உதிரி பாகங்களை விற்று வந்த சியாம் சுந்தர் கோயங்காவின் கணக்குத் தேவையிலிருந்து, அவருடைய குமாரர் பரத் கோயங்காவின் கைவண்ணத்தில் 1986-இல் உருவானது என்பதை நினைக்கும்போது, இந்தச் சிரமம் எவ்வளவு பழையது என்பது விளங்குகிறது.

இத்தகைய கணக்குகளோடு பழகியதில் நான் அடிக்கடி கண்டது, 'பண்ணை ஆரணி', 'பண்ணை திருபுவனம்', 'பண்ணை தர்மாவரம்' என்று ஒரே பொருளை ஊருக்கு ஒன்றாகப் பதிந்துவிடும் வழக்கம். அலமாரியில் இருப்பது ஒரே அடுக்கு; திரையிலோ மூன்று இருப்புகள்; ஆரணிக் கணக்கில் சரக்குத் தீர்ந்துவிட்டதாகக் காட்ட, கையெட்டும் தூரத்தில் அதே பண்ணை வாங்குவாரின்றிக் கிடக்கும். பொருளை ஒரு முறையே பதிந்து, ஊர்வாரியான விலைகளைத் தனி ஜாபிதாக்களாக வைத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதி முதல் அமலாகிறது என்று குறிப்பதே சரியான முறை. பழைய விலையை அழித்து அதன்மேலேயே புதியதை எழுதாமல், புதிய தேதியிட்டுச் சேர்த்தால்தான், போன மாதம் விற்ற சரக்கு திரும்பி வரும்போது அன்றைய விலைக்கே வரவு வைக்க முடியும்.

ஆனால் தேதியைவிட முக்கியமாக நான் கருதுவது விலை வித்தியாசத்தின் காரணத்தை. 2017 ஜூலை 1-க்கு முன், மாநிலத்துக்குள் விற்றால் வாட் வரி. வெளி மாநிலத்து வியாபாரிக்கு 'சி' படிவத்தின் பேரில் விற்றால் 2 சதவீத மத்திய விற்பனை வரி. அந்த வித்தியாசத்தை விலையிலேயே கலந்து ஜாபிதா போட்டவர்கள் அநேகர். ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாநிலத்துக்குள் இரண்டு பங்காகவும் வெளியே ஒரே தொகையாகவும் வசூலிக்கப்பட்டாலும், ஒரு பொருளுக்கு வரி விகிதம் தேசம் முழுவதும் ஒன்றே. ஆயினும் பழைய ஜாபிதாவைப் பார்த்து அதன்மேல் சதவீதம் கூட்டியே புதியதைத் தயாரிக்கும் இடங்களில், காரணம் மறைந்த பின்னும் வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டிருக்கும். ஏன் இந்த விலை என்று தூரத்து வாடிக்கையாளர் டெலிபோனில் கேட்டால், இயந்திரம் காட்டுகிறது என்பதைத் தவிர வேறு பதில் இராது.

ஆகையால் வியாபாரி ஒவ்வோர் ஊர் ஜாபிதாவின் பக்கத்திலும் பார்சலுக்கு இவ்வளவு, தவணைக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை அதைப் படித்துப் பார்த்து, நியாயம் போன இடத்தில் விலையைக் குறைக்கட்டும். காஞ்சிக்கு வந்து விசாரிக்க வசதியில்லாத நெசவாளர்தான் அந்தக் கூடுதல் ரூபாயைக் கடைசியில் கொடுக்கிறவர்.