யாருக்கு எந்தச் சாமி வரும்?



ரொறன்ரோவின் சில தெருக்களில் காளான் கடைகள் வந்து கொஞ்சக் காலமாகிறது. கறிக்குப் போடும் காளான் இல்லை. சிலோசைபின் என்ற வேதிப்பொருள் உள்ள, 'மேஜிக் மஷ்ரூம்' என்று பெயர்போன காளான். கனடாச் சட்டப்படி இந்த விற்பனை குற்றம். பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போவதும், பூட்டிய கடை மறுபடி திறப்பதுமாக இழுபறி நடக்கிறது. ஒரு கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தேநீர்த்தூள், சொக்கலேட், மாத்திரை என்று வகைவகையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அட்டை. ஒன்று சிரித்து மகிழ, ஒன்று மனக்கவலை தீர, இன்னொன்று ஆன்மிகப் பயணம் போக. இப்படிப்பட்ட கடைகளில் விற்கும் காளான்களில் பெரும்பாலானவை சிலோசைப் கியூபென்சிஸ் என்ற ஒரே இனம்.

நான் சாப்பிட்டுப் பார்த்ததில்லை, பார்க்கும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் அந்த அட்டைகளை எழுதியவர் வியாபாரத்துக்காகப் பொய் சொல்லப்போய் ஒரு மெய்யைத் தொட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். இந்த வகை மருந்தில் பாதி வேலையைச் செய்வது அந்த அட்டைதான்.

மெஸ்கலினை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் டெக்சாஸின் தென்கோடியிலும் வளரும் பியோட்டே என்ற முள்ளில்லாத கள்ளியில் இருப்பது. 1897இல் ஆர்தர் ஹெஃப்டர் அதைத் தனியே பிரித்தெடுத்தார். 1919இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஷ்பேத் அதை ஆய்வுகூடத்திலேயே தயாரித்தார். அதன் பிறகு அது குப்பியில் கிடைக்கும் சுத்தமான மருந்து. யார் உடம்பில் ஏறினாலும் அதே மூலக்கூறு. அதை எடுத்த மூன்று படிப்பாளிகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

முதலாமவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-போல் சார்த்தர். 1935 தொடக்கத்தில், பாரிஸின் சான்-ஆன் மருத்துவமனையில் அவருக்கு மெஸ்கலின் ஊசி போடப்பட்டது. அப்போது அவருக்கு 29 வயது. லு ஆவ்ர் துறைமுக நகரில் பள்ளி ஆசிரியர். பெரிய புத்தகம் எதுவும் வெளிவரவில்லை, வாழ்க்கை இப்படியே முடிந்துவிடுமோ என்ற சோர்வு வேறு. கற்பனை குறித்து எழுதிக்கொண்டிருந்தவருக்குப் பிரமை எப்படி இருக்கும் என்று அறிய ஆசை. ஊசி போட்டவர் நண்பரும் மருத்துவருமான டானியல் லகாஷ். ஆபத்து இல்லை, ஆனால் அனுபவம் இனிமையாக இருக்காது என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் போட்டார். மங்கிய வெளிச்சத்தில் படுத்திருந்த சார்த்தருக்குக் குடை கழுகாயிற்று, சப்பாத்து எலும்புக்கூடாயிற்று, கண்ணோரத்தில் நண்டுகளும் கணவாய்களும் நெளிந்தன. நண்டு வகையறா மீது அவருக்கு எப்போதுமே அருவருப்பு உண்டு. மருந்து இறங்கிய பிறகும் நண்டுகள் இறங்கவில்லை. மாதக்கணக்கில் வகுப்பறை வரை கூடவே வந்தன.

இதைப் பதிவு செய்த, சார்த்தரின் தோழி சிமோன் த பொவ்வார் இன்னொரு செய்தியும் சொல்கிறார். அதே மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர் ஒருவர் தானும் மெஸ்கலின் எடுத்தவர். அவருக்குப் பூத்துக் குலுங்கும் வெளிகளும் தேவகன்னியருமாக ஒரே கொண்டாட்டம். அதைக் கேட்ட சார்த்தர், லகாஷின் எச்சரிக்கைதான் தன்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்று நினைத்தாராம். அட்டையை மாற்றி எழுதியிருந்தால் நண்டு வந்திராதோ என்பது அவருக்கே வந்த சந்தேகம்.

இரண்டாமவர் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 1953 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய வீடு. மெஸ்கலினைக் கொண்டுவந்து கொடுத்தவர் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வெய்பர்ன் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த ஹம்ஃப்ரி ஓஸ்மண்ட். 0.4 கிராம் கரைத்துக் குடித்துவிட்டு ஹக்ஸ்லி உட்கார்ந்தார். பூச்சாடியில் ஒரு ரோஜா, ஒரு கார்னேஷன், ஓர் ஐரிஸ். அந்த மூன்று பூவில் அவர் கண்டது சச்சிதானந்தம். தற்செயல் என்று சொல்ல முடியுமா? ஹக்ஸ்லி பல ஆண்டுகளாகத் தென் கலிபோர்னியா வேதாந்த சங்கத்துக்குப் போய் வந்தவர். எல்லா மதங்களின் அடியிலும் ஓடுவது ஒரே உண்மை என்று 1945இலேயே புத்தகம் போட்டவர். மெஸ்கலின் அவருக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுக்கவில்லை. சச்சிதானந்தம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது.

மூன்றாமவர் ஒக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களின் பேராசிரியராக இருந்த ஆர். சி. ஸேனர். கத்தோலிக்கத்துக்கு மனம் மாறிய விசுவாசி. ஹக்ஸ்லி எழுதியது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கள்ளியைத் தின்றால் கடவுளைக் காணலாமா? 1955இல் தானும் எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கடவுளும் வரவில்லை, நண்டும் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. பார்த்ததெல்லாம் கேலிக்கூத்தாகத் தெரிந்ததாக எழுதி, இதற்கும் இறையனுபவத்துக்கும் சம்பந்தமில்லை என்று 1957இல் புத்தகமே போட்டுவிட்டார். பயந்தவருக்குப் பயம், வேதாந்திக்கு வேதாந்தம், மறுக்கப் போனவருக்கு மறுப்பு.

இந்தக் கதையை ஸ்காபரோவில் இருக்கும் என் சின்னம்மாவுக்குச் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர்.

"எல்லாருக்கும் ஒரே மருந்தே குடுத்தவை?"

"ஓம் சின்னம்மா, ஒரே மருந்துதான்."

"பேந்து இதில என்ன புதினம்? எங்கட அம்மன் கோயிலில எத்தினை பேர் உருவாடினவை. ஆருக்காவது யேசுநாதர் வந்தவரே?"

ஒரு கட்டுரையின் சாரத்தை அவர் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார். பறை முழங்குகிறது, வேப்பிலை கையில் இருக்கிறது, சுற்றி நிற்கும் சனம் அம்மாவை எதிர்பார்த்து நிற்கிறது. வருபவளும் அம்மன்தான். வந்தவள் எப்படி ஆட வேண்டும், எப்போது மலையேற வேண்டும் என்பதும் ஊருக்கே தெரிந்த கணக்கு. ஆடுபவர் நடிக்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் மெய்யாகவே தன்னை மறந்துதான் ஆடுகிறார்.

சின்னம்மா சொன்னதை 1959இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய மானிடவியலாளர் ஒருவர் உண்டு. இதே ரொறன்ரோவில் பிறந்த அந்தனி வாலஸ். மெஸ்கலின் எடுத்த வெள்ளைக்காரத் தன்னார்வலர்களையும், பியோட்டேயைப் பிரசாதமாக உண்ணும் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் அவர் ஒப்பிட்டார். ஆய்வுகூடத்து வெள்ளையர்களுக்கு மனம் தாறுமாறாக ஏறி இறங்கியது, சந்தேகம் வந்தது, கூச்சம் விட்டுப்போனது. இரவு முழுக்கப் பாட்டும் பிரார்த்தனையுமாக இருந்த பூர்வகுடிகளிடம் பக்தியும் நிதானமும் இருந்தன. காட்சிகள் அவர்களுடைய மதத்துக்குள் பொருந்தி வந்தன.

இந்த வேறுபாடு கனடாவின் மருத்துவ வரலாற்றிலும் ஒரு சண்டையாக நடந்திருக்கிறது. 1950களில் ஓஸ்மண்டும் ஏப்ரம் ஹோஃபரும் சஸ்காச்சுவானில் குடிநோயாளிகளுக்கு இதே வகையைச் சேர்ந்த எல்எஸ்டி மருந்தைக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் போட்ட கணக்கே வேறு. மோசமான குடிகாரருக்கு வரும் நடுக்கமும் பிரமையும் சிலரைப் பயமுறுத்திக் குடியை விட வைப்பதுண்டு. அதே பயங்கரத்தை மருந்தால் செயற்கையாக வரவழைப்பதுதான் திட்டம். நோயாளிகளோ தங்களைத் தாங்களே தெளிவாகக் கண்டதாகச் சொன்னார்கள். மருத்துவர்கள் வழியை மாற்றினார்கள். வசதியான அறை, இசை, பக்கத்தில் கனிவாகப் பேச ஒருவர். கணிசமானோர் குடியை நிறுத்தியதாக அறிவிப்பு வந்தது.

இதை நம்பாத ரொறன்ரோவின் போதை அடிமை ஆய்வு நிலையம் 1960களில் முறையான சோதனை ஒன்றை நடத்தியது. மருந்தின் வேலையை மட்டும் தனியாக அளக்க வேண்டுமென்று, நோயாளியைக் கட்டிலோடு பெல்ட்டால் பிணைத்து எல்எஸ்டி கொடுத்தார்கள். பயன் ஒன்றும் தெரியவில்லை. சஸ்காச்சுவானில் ஒப்பீட்டுக் குழு இல்லை, நம்பிக்கை ஊட்டி ஊட்டியே பலனைக் கண்டீர்கள் என்று ரொறன்ரோ சொன்னது. கட்டிப்போட்டு வைத்தால் எவனுக்குத் தெளிவு பிறக்கும் என்று சஸ்காச்சுவான் கேட்டது. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் சரி. அறையைக் கழித்துவிட்டு மருந்தை மட்டும் அளக்கப்போனவர்கள், இன்னோர் அறையைத்தான் கூட்டிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் வைத்து எல்லாம் மனப்பிரமை, மருந்தில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இம்மருந்துகள் மூளையில் செரட்டோனின் 2ஏ என்ற ஏற்பியில் போய் ஒட்டுகின்றன. கெட்டன்செரின் என்ற மருந்தை முன்னதாகக் கொடுத்து அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் சிலோசைபினின் மயக்கம் எழுவதில்லை என்று 1998இல் சூரிக்கில் காட்டினார்கள். ஹக்ஸ்லியும் தான் எதிர்பார்த்ததைப் பெறவில்லை. கண்ணை மூடினால் கவிஞர் பிளேக் கண்டதுபோன்ற காட்சிகள் விரியும் என்று காத்திருந்தவருக்கு மூடிய கண்ணுக்குள் பெரிதாக ஒன்றும் வரவில்லை. எல்லாம் திறந்த கண்ணுக்குத்தான். நம்பிக்கை திசையைக் காட்டும். வண்டியை ஓட்டும் எண்ணெய் வேறு.

யாருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 261 தன்னார்வலர்களின் சிலோசைபின் பதிவுகளை ஒன்றாகத் திரட்டி, சூரிக் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானித்தது மருந்தின் அளவு. அடுத்து ஆளின் சுபாவம். பாட்டிலும் கதையிலும் தன்னை மறந்து மூழ்கும் இயல்புள்ளவர்களுக்கு அனுபவம் ஆழமாக இருந்தது. எளிதில் மனம் கலங்குகிறவர்களும் வயதில் இளையவர்களும் பதற்றப்படும் வாய்ப்பு அதிகம். மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் மருந்தை எடுத்தவர்களுக்கும் அப்படித்தான்.

ஒரே ஆளுக்கு, ஒரே நாளில், நம்பிக்கை மாறினால் காட்சியும் மாறும் என்பதற்கு எல்எஸ்டியைக் கண்டுபிடித்தவரே சாட்சி. 1943 ஏப்ரல் 19. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அல்பேர்ட் ஹொஃப்மன் 0.25 மில்லிகிராம் எடுத்தார். சொற்ப அளவு என்று அவர் நினைத்தது உண்மையில் பெரிய அளவு. போர்க்காலம், கார் இல்லை, சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தார். நஞ்சு முறிய வேண்டும் என்று பால் கேட்டார். பால் கொண்டுவந்த அயல்வீட்டுப் பெண் வர்ண முகமூடி போட்ட சூனியக்காரியாகத் தெரிந்தார். பைத்தியம் பிடித்துவிட்டது, மனைவி மக்களை விட்டுச் சாகப்போகிறோம் என்ற பயம். டாக்டர் வந்து நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், மூச்சைக் கவனித்தார். கண்மணி விரிந்திருந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. மெல்ல மெல்லப் பயம் வடிந்தது. மூடிய கண்ணுக்குள் வர்ணங்கள் சுழன்று விரிவதை ஹொஃப்மன் ரசிக்கத் தொடங்கினார். அயல்வீட்டுப் பெண்ணும் பழையபடி அயல்வீட்டுப் பெண்ணானார். இரத்தத்தில் எல்எஸ்டியின் அளவு குறைந்துகொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். சாகமாட்டோம் என்று தெரிந்தது மற்றது.

மருந்தே இல்லாமல் அட்டை மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 2020இல் வெளிவந்த ஆய்வு. வர்ண விளக்கு, இசை, சுவரெல்லாம் ஓவியம் என்று ஓர் அறையை அமைத்து, 33 மாணவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சிலோசைபின் போன்ற மருந்து என்றார்கள். இருந்தது வெற்று மாத்திரை. மருந்து ஏறியதுபோல நடிக்க ஆட்களும் கூட்டத்துக்குள் கலந்திருந்தார்கள். 61 வீதமானோர் தங்களுக்கு ஏதோ ஆகிறது என்றார்கள். சுவரில் இருந்த ஓவியம் அசைந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரி 191 பேரின் முடிவுகளை வெளியிட்டது. இம்மருந்துகளைத் துளித்துளியாக எடுத்தால் மனம் தெளியும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். எடுத்தவர்களும் தேறினார்கள், தெரியாமல் வெற்றுக் குளிகையை எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கனடா அரசு 2020 ஆகஸ்டில், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நான்கு நோயாளிகளுக்குச் சிலோசைபினை அனுமதித்தது. 2022 ஜனவரியிலிருந்து, கடுமையான அல்லது உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவருக்காக மருத்துவர் விசேஷ அனுமதி கேட்கலாம். குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர்களைப் பொதுவாக ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. இது நல்ல காவல். ஆனால் இன்னொரு காவலும் வேண்டும். இம்மருந்து ஏறியிருக்கும்போது மனிதர் மற்றவர் சொல்லுக்கு வழக்கத்தைவிடச் சுலபமாக இணங்குவார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் கையில் பெரிய அதிகாரம் இருக்கிறது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் இந்த ஆய்வுகளை நடத்திய மத்தியூ ஜோன்சன், சிகிச்சை அறையில் புத்தர் சிலை போன்ற சமயச் சின்னங்கள் வேண்டாம் என்று 2021இல் எழுதியதன் காரணமும் இதுவே. அதே பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற 2006ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்ற 36 பேரும் ஏதோ ஒரு வகையில் ஆன்மிக ஈடுபாடு உள்ளவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை வாழ்வின் மகத்தான அனுபவங்களில் ஒன்று என்றார்கள். அந்த அனுபவம் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதை வைத்துக் கடவுள் உண்டு என்று நிறுவவோ, சார்த்தரின் நண்டை வைத்து உலகம் அருவருப்பானது என்று நிறுவவோ முடியாது, அவ்வளவுதான்.

சிலையை அகற்றிவிட்டால் அறை நடுநிலையாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. வெறும் சுவரும் ஏதோ ஒன்றைச் சொல்லும். வெள்ளைக் கோட்டும் சொல்லும். ஆகவே சொல்லாமலிருக்க முயல்வதைவிட, சொன்னதை ஒளிக்காமல் வைப்பது மேல். எந்த மருத்துவரும் எத்தனை மில்லிகிராம் கொடுத்தேன் என்று சீட்டில் எழுதுகிறார். இந்த மருந்துக்கு, கொடுக்குமுன் நோயாளியிடம் என்ன சொன்னேன் என்பதையும் அதே சீட்டில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். லகாஷ் அப்படி எழுதி வைத்திருந்தால், சார்த்தருக்கு வந்த நண்டுகளில் எத்தனை மெஸ்கலினுடையவை, எத்தனை டாக்டருடையவை என்று இன்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கலாம்.