கடைமடைக்கு வந்ததா?

பேராவூரணிப் பக்கம் இருக்கும் என் மாமாவுக்காக ஒரு நெல் கணக்குச் செயலி எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வயலில் எத்தனை மூட்டை, கொள்முதல் நிலையத்தில் போட்டது எவ்வளவு, பணம் என்றைக்கு ஏறியது, அவ்வளவுதான். ஜாங்கோவின் சோதனைச் சேவையகமான ரன்சர்வரை ஓடவிட்டதும் லேப்டாப்பில் பக்கம் பளிச்சென்று வந்தது. மாமாவின் போனில் வரவில்லை.

"தலைமடை நனைஞ்சா ஆச்சா மாப்ள? கடைமடைக்கு வரணும்ல?" என்றார்.

கல்லணையில் பிரியும் புது ஆற்றின் கடைசிப் பாசனம் அவர் ஊர். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும், தன் வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் நாற்றங்காலில் கால் வைக்கமாட்டார்.

அவருடைய ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப்பும் இருந்தது. இருந்தும் போனில் லேப்டாப்பின் ஐபி முகவரியைக் கேட்ட நொடியே மறுப்பு வந்தது. உடனே மறுத்தால் பெரும்பாலும் அந்த முகவரியில் கேட்க ஆள் இல்லை என்று பொருள். ரன்சர்வர் தானாக நிற்பது 127.0.0.1:8000-இல், அது லேப்டாப் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. 0.0.0.0:8000 என்று மாற்றினேன். இனி எந்த வலைப்பின்னல் வழியாக வந்தாலும் கேட்கும்.

இப்போது மறுப்பு இல்லை. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. இப்படி இழுத்தடித்தால் பெரும்பாலும் ஃபயர்வால்தான்: வந்ததைப் பதில் சொல்லாமல் விழுங்கிவிடும். ரன்சர்வருக்கு அதில் வழிவிட்டேன். அடுத்து வந்தது 400 பிழை. அதைப் பார்த்துத்தான் நிம்மதி. ஜாங்கோவே வாய் திறந்துவிட்டது. சோதனை நிலையில் லோக்கல்ஹோஸ்ட் வகைப் பெயர்களை மட்டுமே அது தானாக ஏற்கும். அலவ்ட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் லேப்டாப்பின் ஐபி முகவரியைச் சேர்த்ததும் பக்கம் வந்தது.

மூன்று மதகுகள், மூன்று விதமான மறுப்பு. எது அடைபட்டிருக்கிறது என்பதை மறுக்கும் விதமே சொல்லிவிடுகிறது. அது தெரியாத காலத்தில் மூன்றையும் ஒரேயடியாகத் திறந்துபோட்டு, எதனால் சரியானது என்றே தெரியாமல் விழித்திருக்கிறேன். திறந்ததை மூடாமல் பொது வைஃபையில் போய் உட்கார்ந்தும் இருக்கிறேன். சோதனை நிலையில் பிழைப் பக்கம் நம் நிரலின் உள்ளறை வரை பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டிவிடும். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் 127.0.0.1-க்குத் திரும்பிவிடுவேன்.

மாமா முதல் கணக்கைப் போட உட்கார்ந்தார். மூட்டை எண்ணிக்கைக்கான கட்டத்தை மூன்று முறை தொட்டார்; மூன்று முறையும் பக்கத்துக் கட்டம்தான் திறந்தது. அவர் விரல் பருமனுக்கு என் கட்டம் சின்னது. லேப்டாப்பில் அம்புக்குறியை வைத்து நூறு முறை சொடுக்கிய எனக்கு அது தெரியவே இல்லை.