நகரிக்காரம்மாவுக்குப் பக்கத்து இடம்

திருப்பதியில் தனியாகப் போய் நிற்கும் பெண்ணுக்கு லாட்ஜ் கிடைப்பது லேசில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினேன். சாவிகள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. "கூட யாரும்மா வர்றாங்க?" என்பார்கள். யாருமில்லை என்றதும் அறையும் இல்லாமல் போய்விடும். ஒருவர் மட்டும் காரணத்தை நேராகச் சொன்னார்: "அறைக்குள்ள ஏதாவது பண்ணிக்கிட்டீங்கன்னா போலீஸு, கேஸுன்னு யாரும்மா அலையறது?"

சென்னையிலும் இப்படித்தான். திருவல்லிக்கேணியில் தெருவுக்குத் தெரு மேன்ஷன் இருக்கிறது, அத்தனையும் ஆண்களுக்கு. வேலை தேடி வந்த பையன் ஒரு பெட்டியோடு போய்க் கட்டிலைப் பிடித்துவிடலாம். அவனுடைய அக்காவுக்கு அது நடக்காது. அந்த எரிச்சலோடுதான், ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் விஷ்ணு நிவாசத்தின் பொது மண்டபத்துக்குள் போனேன். இலவசம் என்றால் அழுக்கு, திருட்டு, தூக்கமில்லாத ராத்திரி என்று என் மனதில் ஒரு கணக்கு இருந்தது.

அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. சிமென்ட் பைபோலக் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். கிழவிகள் சுவரோரம், குழந்தைகள் நடுவில், ஆண்கள் வெளிவரிசையில். பாதை என்று ஒரு முழ அகலத் தரையை எல்லோரும் விட்டுவைத்திருந்தார்கள். பணம் கொடுத்துத் தங்கும் இடங்களில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. மின்விசிறிக்குக் கீழே ஓர் அம்மா தன் மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தார். துப்பட்டாவை விரித்துப் படுத்தேன்.

கண் சொக்கும் நேரத்தில் காதருகே பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. நிற்கும், மறுபடி தொடங்கும். எழுந்து பார்த்தால் அந்த அம்மாதான். செல்போன் விளக்கைத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டு எதையோ பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, மணி என்ன தெரியுமா? கொஞ்சம் தூங்க விடறீங்களா?"

"தூங்கேன். நான் பிடிச்சா வெச்சிருக்கேன்?"

"இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறது?"

"இது ஒரு சத்தமா? நகரியில எங்க வீட்டுக்கு வந்து பாரு. பகலும் ராத்திரியும் பவர்லூம் ஓடும். புள்ளைங்கள அதுக்கு நடுவுலதான் தூங்க வெச்சு வளர்த்தேன்."

குரல்கள் ஏறின. சுவரோரத்துக் கிழவி ஒருத்தி தெலுங்கில் எங்கள் இருவரையும் சேர்த்து அதட்டினாள். அப்போதுதான் அவர் மடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் மஞ்சள் பொடி, இன்னொரு பக்கம் குங்குமம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் என்பது கணக்கு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டே ஏறுவதாக வேண்டுதல். மொத்தமாக எடுத்துப் போனால் பாதி வழியில் வியர்வைக் கை பட்டுக் கட்டியாகிவிடுமாம். அதனால் சின்னச் சின்னப் பொட்டலங்கள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து கவர்களை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

நகரிக்காரர்கள் பேசும் தமிழ் எங்களுடையதிலிருந்து அதிகம் விலகியதில்லை. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது; நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அவருடைய அண்ணன் வீடு திருத்தணியில். கல்யாணம், காதுகுத்து எல்லாம் இரண்டு மாநிலத்திலும் நடக்கும் என்றார்.

விடியுமுன் இருவரும் அலிபிரிக்குப் போனோம். மூட்டையையும் என் பையையும் அங்கேயே ஒப்படைத்தோம். தேவஸ்தானமே காசு வாங்காமல் மேலே கொண்டுபோய்விடும். பாதாள மண்டபத்தில் சிலர் பெருமாளின் உலோகப் பாதரட்சையைத் தலையில் வைத்துச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா (ராத்திரிச் சண்டைக்குப் பிறகு அம்மா அக்காவாகியிருந்தார்) முந்தானையை இடுப்பில் செருகினார். முதல் படியில் மூன்று விரலால் மஞ்சளை இழுத்து, நடுவில் மோதிர விரலால் குங்குமம் வைத்தார். நிமிரவே இல்லை, குனிந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தார்.

"நீ போயிடு. என் வேகத்துக்கு வந்தா உனக்குப் பொழுது போயிடும்."

"இருட்டறதுக்குள்ள வந்துடுவீங்களா?" என்றேன். 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது மனதில் ஓடியது.

"கூட்டத்தோடதான் வருவேன். மேல பி.ஏ.சி. மண்டபத்துல எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை. விசிறிக்குக் கீழ வேண்டாம், முதுகு பிடிச்சுக்கும். சுவரோரமா பாரு. பாத்ரூம் கதவு பக்கம் போடாதே, ராத்திரி பூரா மிதிப்பாங்க. பக்கத்துல கைக்குழந்தைக்காரி இருந்தா நல்லது. அவ முழிச்சே இருப்பா, திருடன் வரமாட்டான்."

தங்குமிடம் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. படியேறும்போதெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. காலி கோபுரம் தாண்டி, ராமானுஜர் முழங்காலால் ஏறியதாகச் சொல்லப்படும் செங்குத்தான இடத்தில் மூச்சு வாங்கியபோது, அக்கா இங்கேயும் குனிந்துதான் வரவேண்டும் என்று நினைத்துக் கலங்கினேன்.

மேலே மண்டபத்தில் சொன்னபடியே சுவரோரம் பிடித்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் அனந்தப்பூர்ப் பெண். நன்றாக இருட்டிய பிறகு அக்கா வந்தார். விரல் நுனியெல்லாம் மஞ்சள் ஏறிப்போயிருந்தது. இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. உட்காரப் போனவர், பாதையில் ஒருவர் குறுக்கே காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார்.

"ஏம்ப்பா, நடக்கிற வழியில காலை நீட்டினா கிழவிங்க எப்படிப் போவாங்க? மடக்கு, மடக்கு."