அன்று விடிகாலையில் அவர் தொட்ட பிள்ளைகள்

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் டோக்கன் வரிசை உண்டு. யாரை முதலில் பார்ப்பது என்று டாக்டர் யோசிக்க வேண்டியதில்லை. சிரியாவின் டாக்டர் அமானி பல்லூருக்கு, 2013 ஆகஸ்ட் 21 விடிகாலையில் அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

தலைநகர் டமாஸ்கஸை ஒட்டிய பகுதி கிழக்கு கூட்டா. அரசுப் படைகளின் முற்றுகையில் சுமார் நான்கு லட்சம் பேர் அங்கே சிக்கியிருந்தார்கள். குழந்தை மருத்துவ மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கட்டி முடிக்காத ஓர் ஆஸ்பத்திரிக்குச் சேவை செய்ய வந்திருந்தார் அமானி. குண்டுவீச்சுக்குப் பயந்து ஆஸ்பத்திரி நிலத்தடியில் இயங்கியது. அதன் பெயரே 'குகை'.

அன்று அவர் ஓடி வந்து பார்த்தபோது தரையெங்கும் மனிதர்கள். ரத்தமில்லை, காயமில்லை, மூச்சுதான் திணறியது. ராக்கெட்டுகளில் வந்தது சாரின் நச்சு என்று ஐ.நா. நிபுணர்கள் பின்னர் உறுதி செய்தார்கள். குண்டு விழுந்தால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிலவறைக்கு ஓடிப் பழகியவர்கள் அந்த மக்கள். சாரின் ஆவியோ காற்றைவிடக் கனமானது. பள்ளமான இடங்களில்தான் போய்த் தங்கும்.

உடம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அட்ரோபின் ஊசி போட வேண்டும். அதற்கு ஆளும் போதவில்லை, நேரமும் போதவில்லை. ஒரு பிள்ளையிடம் குனிந்தால், இன்னொரு பிள்ளை காத்திருக்க முடியாமல் போய்விடும். யாரைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

அப்படியும் அவர் அங்கிருந்து போய்விடவில்லை. 2016-ல் சக ஊழியர்கள் அவரையே ஆஸ்பத்திரியின் தலைவராக்கினார்கள். மருந்து கிடைக்காத கோபத்தில், "இந்தப் பொறுப்புக்கு ஓர் ஆண் இல்லையா?" என்று கேட்டவரும் உண்டு. மூத்த சர்ஜன் சலீம் நமூர் அமானிக்காகப் பேசினார். மயக்க மருந்து தட்டுப்பட்ட நாட்களில் செல்போனில் இசையை ஒலிக்கவிட்டு ஆபரேஷன் செய்தவர் அவர். 'தி கேவ்' என்ற ஆவணப்படம் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது.

2018-ல் கூட்டா வீழ்ந்தபோது அமானி வெளியேற வேண்டியதாயிற்று. 2020-ல் ஐரோப்பிய கவுன்சிலின் ரவூல் வாலன்பெர்க் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால், ஆசையாகப் படித்த குழந்தை மருத்துவத்துக்குத் திரும்ப மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் பார்த்தால் கூட்டாவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அவர் கைபட்டுப் பிழைத்த பிள்ளைகள் இன்று எங்கெங்கோ வளர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களை நினைத்து அவர் நிம்மதி அடையலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்கோ, அன்று விடிகாலையில் கை எட்டாமல் போன பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்கிறார்கள்.